அம்மாவின் வால்வும் ஸ்டிக்கரில் இருந்த 21 என்ற எண்ணும்

இந்தத் தை மாதம் மூன்று வார விடுப்பில் முசிறிக்குப் போயிருந்தேன். பொங்கல், உறவினர் வீட்டுக் கல்யாணம், குலதெய்வம் கோயில் எல்லாம் நல்லபடியாகவே முடிந்தன. ஆனால் இங்கிலாந்தில் லெஸ்டருக்குத் திரும்பிய பிறகும் நெஞ்சில் நிற்பது, திருச்சியில் ஒரு மருத்துவமனையின் ரெக்கார்டு ரூம் வாசலில் நின்ற மூன்று நாட்கள்தான்.

அம்மாவுக்கு 2021இல் அந்த மருத்துவமனையில்தான் பெருந்தமனி வால்வை எடுத்துவிட்டு மெக்கானிக்கல் வால்வு வைத்தார்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிடாதவர், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையும் மாதம் தவறியதில்லை. அப்படியிருந்தும் இம்முறை மொட்டைமாடிக்கு வடாம் தட்டை எடுத்துப் போனவர் பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மறுநாள் எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) பார்த்த இதய மருத்துவர், வால்வின் குறுக்கே சராசரி அழுத்த வேறுபாடு 26 மி.மீ. பாதரசம் இருக்கிறது, கூடுதல்தான் என்று சொல்லிவிட்டு, "என்ன சைஸ் வால்வு வெச்சாங்க?" என்று கேட்டார். அப்பா காலத்திலிருந்து எல்லாக் காகிதங்களையும் சேர்த்து வைத்திருக்கும் மஞ்சள் பையைக் கவிழ்த்துத் தேடினோம். டிஸ்சார்ஜ் சம்மரியில் வால்வு மாற்றப்பட்டது என்ற ஒரு வரி மட்டுமே இருந்தது. எந்தக் கம்பெனி, என்ன அளவு என்பது இல்லை.

அந்த எண் எதற்கு என்பதை மருத்துவர் பொறுமையாக விளக்கினார். அழுத்தம் கூடுவதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம்: ரத்தக்கட்டியோ சதை வளர்ச்சியோ வால்வின் இதழை அடைத்திருக்கலாம், அது அவசரம், அல்லது வால்வு பழுதில்லாமல் இருந்தும், உடம்பின் தேவைக்கு ஆரம்பத்திலிருந்தே சிறியதாக இருக்கலாம். ஒவ்வொரு மாடலுக்கும் ஒவ்வொரு அளவுக்கும் எவ்வளவு திறப்பு இருக்க வேண்டும் என்று அட்டவணை உண்டு. அளவு தெரிந்தால்தான் எக்கோவில் அளந்ததை அதோடு ஒப்பிட முடியும்.

முதல் நாள், மனு எழுதி வாருங்கள் என்றார்கள். இரண்டாம் நாள், சாவி வைத்திருப்பவர் விடுப்பு என்றார்கள். மூன்றாம் நாள் மாலையில்தான் நாடா கட்டிய பழுப்புக் கோப்பு ஒன்று கைக்கு வந்தது. அறுவைச் சிகிச்சைக் குறிப்பின் ஓரத்தில், பசை காய்ந்து பாதி பெயர்ந்த நிலையில், தயாரிப்பாளரின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது: மாடல், வரிசை எண், 21 மி.மீ. லெஸ்டரில் என்னோடு வேலை செய்பவருக்கும் இதே அறுவை நடந்தது. இந்த விவரங்கள் அடங்கிய அட்டை அவருடைய பர்ஸில் எப்போதும் இருக்கும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைக்கு மஞ்சள் புத்தகம் தனியாக. நம் ஊர் அறுவை மருத்துவர்களின் கைத்திறனில் எனக்குத் துளிச் சந்தேகமும் இல்லை. ஒரு ஸ்டிக்கரைக் கூடுதலாக நோயாளியின் கையில் கொடுக்க மட்டும் ஏன் மனம் வரவில்லை என்று நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

முசிறி மருத்துவர் அம்மாவை மறுபடி நிறுத்தி உயரமும் எடையும் பார்த்தார்: 155 செ.மீ., 68 கிலோ. உடல் பரப்பு 1.7 சதுர மீட்டர் வந்தது. எக்கோவில் அளந்த திறப்பு 1.3 சதுர செ.மீ.; அந்த மாடலுக்கு எதிர்பார்க்கும் அளவுதான். ஆனால் உடல் பரப்பால் வகுத்தால் சுமார் 0.76. பெருந்தமனி வால்வில் இது 0.85க்கு மேல் இருப்பது நல்லது, 0.65க்கும் கீழே போனால் கடுமையான பொருத்தமின்மை என்றார். கடுமையாக இருப்பவர்களுக்கு, தடித்துப்போன இதயத் தசை மெலிவது தாமதமாகும், மூச்சுத்திணறல் நீடிக்கும், ஆயுளும் பாதிக்கப்படலாம். அம்மாவுடையது நடுத்தரம். இதழ்கள் தடையின்றி அசைவதையும் எக்ஸ்ரே திரையில் பார்த்து உறுதி செய்த பிறகே எங்களுக்கு மூச்சு வந்தது.

வால்வு உட்காரும் வளையம் சிறியதாக இருந்தால், இதய உறைத் துண்டையோ செயற்கைத் துணியையோ வைத்துத் தைத்து அதை அகலப்படுத்தும் முறை 1970இலிருந்தே இருக்கிறது என்பதை அன்றுதான் அறிந்தேன். அறுவை நேரம் நீளும் என்பதால் எல்லோருக்கும் அது ஏற்றதல்ல. அம்மாவுக்கு அன்று எது சரியென்று சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் அறுவைக்கு முந்தைய நாள் எங்களோடு அரைமணி நேரம் பேசியவர்கள், வால்வின் வகை, விலை, மாத்திரை எல்லாம் சொன்னார்கள். அளவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை.

புறப்படும் முன், அம்மாவின் ஐ.என்.ஆர். நோட்டின் முதல் பக்கத்தில் மருத்துவரே தன் கைப்பட மாடல், அளவு, 1.3, 0.76 என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அடுத்த எக்கோ ஆடியில்.