பதினேழு வருட ஆட்டோகேட் கையோடு ஃப்ரீகேட் பழகியது: இரண்டு வருட அனுபவம்

காரைக்குடியில் இருந்துகொண்டு, சுற்றுவட்டாரத்துப் பழைய வீடுகளின் மர வேலைக்கும் புதுப்பிக்கும் வேலைக்கும் வரைபடம் போட்டுக் கொடுப்பதுதான் என் தொழில். 2007-இல் கணினியில் வரைபடம் போடும் ஆட்டோகேட் மென்பொருளைப் பழகினேன். அதற்கப்புறம் பதினேழு வருடம் வேறு எதையும் தொடவில்லை. இடது கை கீபோர்டில், வலது கை மவுஸில், 'எல்' தட்டி ஸ்பேஸ் பார் அடித்தால் கோடு, 'டிஆர்' என்றால் வெட்டு, 'ஓ' என்றால் ஆஃப்செட் (இணைகோடு), கண் திரையை விட்டு நகராமலே வேலை முடிந்துவிடும். 2024 தொடக்கத்தில் ஃப்ரீகேட் என்ற இன்னொரு வரைபட மென்பொருளைப் பழக ஆரம்பித்தேன். இப்போது மரத்துக்கு வரைவதெல்லாம் அதில்தான்.

மாறியதற்குக் காரணம் பணமும்தான். வேலை பார்த்த இடத்தை விட்டுத் தனியாக வந்துவிட்டேன். ஆட்டோகேடைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் 2016-லேயே நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்திச் சந்தா முறைக்குப் போய்விட்டது. மாதத்துக்கு நாலைந்து கதவு, ஜன்னல் வரைகிற என் அளவுக்கு அது கட்டுப்படியாகவில்லை. ஃப்ரீகேட் 2002-இலிருந்து வளர்ந்து வரும் திறந்த மூல மென்பொருள், காசு கிடையாது. ஆனால் காசு மட்டும் காரணமாக இருந்திருந்தால் முதல் மாதத்திலேயே விட்டிருப்பேன். பள்ளத்தூரில் ஒரு வீட்டு ஜன்னல் வேலைதான் என்னைத் தள்ளிவிட்டது.

வளவை (வீட்டின் நடு முற்றத்தை)ச் சுற்றி 14 ஜன்னல். நின்று பார்த்தால் எல்லாம் ஒரே அச்சு, டேப்பைப் பிடித்தால் ஒன்று 2 நூல் கூட, இன்னொன்று 5 நூல் குறைவு. (ஒரு அங்குலத்துக்கு 8 நூல், எங்கள் பக்கத்து ஆசாரிகள் இன்றைக்கும் நூல் கணக்கில்தான் பேசுவார்கள்.) ஒன்றை வரைந்து காப்பி எடுத்து, ஒவ்வொன்றையும் இழுத்துச் சரிசெய்துகொண்டே போனேன். ஒன்பதாவது ஜன்னலில் சட்டத்தை இழுத்தவன் உள்பலகையை இழுக்க மறந்துவிட்டேன். ஆசாரி என் தாளை நம்பி அறுத்துவிட்டார். அது அதே வீட்டின் பின்கட்டிலிருந்து கழற்றி எடுத்த பர்மா தேக்கு. கடையில் போய் இன்னொன்று வாங்கிவிட முடியாது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆட்டோகேடைக் குறை சொல்ல மாட்டேன், அதிலும் அளவை மாற்றினால் கூடவே மாறும் டைனமிக் பிளாக், பாராமெட்ரிக் கட்டுப்பாடு எல்லாம் உண்டு, நான்தான் பழகவில்லை. ஆனால் ஓர் அளவை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லாம் தானே மாறவேண்டும் என்ற தேவை அன்றுதான் எனக்கு உறைத்தது.

முதல் மூன்று மாதம் கஷ்டம், அதை மறைக்கவில்லை. கை பழக்கம் ஒவ்வொன்றும் எதிராக வேலை செய்தது. ஆட்டோகேடில் எதற்கும் இரண்டு தடவை 'எஸ்கேப்' அடிப்பது நம் கையில் ஊறிய பழக்கம். ஃப்ரீகேடில் ஸ்கெட்ச் (மாடலுக்கு அடிப்படையான தட்டைப் படம்) வரைந்துகொண்டிருக்கும்போது அப்படி அடித்தால் ஸ்கெட்சையே மூடிவிட்டு வெளியே வந்துவிடும். ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது அப்படி வெளியே வந்திருப்பேன். செட்டிங்கில் ஸ்கெட்சர் பகுதிக்குப் போய், எஸ்கேப் அடித்தால் வெளியேறும் வசதியை அணைத்துவிடலாம் என்று தெரியவே மூன்று வாரம் ஆனது. புதிதாக வருகிறவர்கள் முதல் நாளே அதைச் செய்துவிடுங்கள். அப்படியே மவுஸ் முறையை 'ரெவிட்' என்று மாற்றிக்கொண்டால், ஷிஃப்ட்டோடு சக்கரத்தை அழுத்திச் சுற்றும் நம் பழைய பழக்கம் அப்படியே வரும்.

அதைவிடப் பெரிய முட்டுக்கட்டை மனசில்தான் இருந்தது. ஆட்டோகேடில் 36 அங்குலம் என்று கோடு போட்டால் அது 36 அங்குலம், விஷயம் முடிந்தது. இங்கே ஒரு செவ்வகம் போட்டால், இன்னும் 4 விதத்தில் இது அசையும் என்று சொல்கிறது: அகலம், உயரம், கிடையாக எங்கே, செங்குத்தாக எங்கே. நாலுக்கும் பதில் சொன்னால்தான் வெள்ளைக் கோடு பச்சையாகும். முதலில் எரிச்சலாக இருந்தது. நான் போட்ட கோட்டை எதற்கு என்னிடமே கேட்கிறது? கொஞ்ச நாள் போனபிறகுதான், கேள்வியே சரியான கேள்வி என்று பட்டது.

ஒரு கதவைச் சொல்கிறேன். 36 அங்குல அகலம், ஓரச் சட்டம் இரண்டு, நடுச்சட்டம் ஒன்று, மூன்றும் 4 அங்குலம். மீதி 24, பலகை ஒவ்வொன்றும் வெளியே தெரிவது 12 அங்குலம். சட்டத்தில் பலகை உட்காரும் காடி 3 நூல் ஆழம். பதினேழு வருடமாக நான் காடியின் கோட்டை வரைந்தேன், பலகை எவ்வளவு உள்ளே போகும் என்பதை ஆசாரியிடம் விட்டுவிட்டேன். ஃப்ரீகேடில் பலகையின் அகலத்துக்குச் சூத்திரம் எழுதவேண்டும், அப்போது கை நின்றுவிட்டது. பட்டறைக்குப் போய்க் கேட்டேன். "ரெண்டு நூல் உள்ள போகும் தம்பி, ஒரு நூல் சும்மா விடணும். மழைக்குப் பலகை ஊதுமுல்ல" என்றார். "ரெண்டு பக்கமுமாண்ணே?" என்றேன். "பின்னே, ஒரு பக்கம் மட்டுமா ஊதும்?" என்றார். ஆக அறுக்கவேண்டியது 12 அங்குலம் 4 நூல். அந்த ஒரு நூல் இப்போது என் ஸ்ப்ரெட்ஷீட்டில் தனிக் கட்டமாக, தனிப் பெயரோடு இருக்கிறது. ஆசாரி கையில் இருந்த கணக்கு ஒன்று முதல்முறையாக என் வரைபடத்துக்குள் வந்தது. எனக்கு அது பெரிய சந்தோஷம். பள்ளத்தூர் ஜன்னல் மாதிரி வேலை இன்று வந்தால் மாடல் ஒன்றுதான், அகலம் உயரம் இரண்டை மாற்றினால் சட்டம், பலகை, காடி எல்லாம் கூடவே நகரும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். நான் ஆரம்பித்தது 0.21 பதிப்பில். ஒரு பொருளின் முகத்தின் மேல் ஸ்கெட்ச் வைத்து வேலை செய்துவிட்டு, பிறகு அடியில் உள்ள அளவை மாற்றினால் முகங்களின் எண் மாறிப்போய், மேலே கட்டியதெல்லாம் இடம் மாறி உட்காரும். இது ஃப்ரீகேடில் எல்லாருக்கும் தெரிந்த பழைய சிக்கல். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில் பெருமளவு சரிசெய்துவிட்டார்கள், என் அனுபவத்திலும் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. ஆனாலும் நான் இன்றுவரை முகத்தின் மேல் ஸ்கெட்ச் வைப்பதில்லை. அடித்தளத்திலிருந்து இத்தனை தூரம் என்று கொடுத்து வைக்கிறேன். பழைய கோப்புகளில் பட்ட பாடு போதும்.

வீட்டு பிளான் போடுவதற்கு இது எனக்கு ஒத்துவரவில்லை. எங்கள் ஊர் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நீண்டுகொண்டே போகும், ஒரு சுவரும் மூலைமட்டத்துக்கு நேராக இருக்காது. இப்படி அளந்து வரைவதில் ஆயிரக்கணக்கில் கோடுகள் சேரும், அந்த மாதிரிப் படத்தை இறக்கினால் ஃப்ரீகேட் மெதுவாகிவிடுகிறது. ஆட்டோகேடின் டி.டபிள்யூ.ஜி கோப்பை நேராகவும் திறக்காது, மாற்றித் தரும் மென்பொருள் ஒன்றைத் தனியாக நிறுவவேண்டும், நான் இரண்டிலும் திறக்கும் டி.எக்ஸ்.எஃப் கோப்பாக வாங்கிக்கொள்கிறேன். பிளான் வேலை வந்தால் நண்பர் ஒருவரின் ஆட்டோகேடில்தான் உட்காருகிறேன், விரல் இன்னும் எதையும் மறக்கவில்லை. தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்கும் போதிகையில் வரும் பூ, யாளி மாதிரிச் செதுக்கு வேலைக்கும் இது ஆகாது. அதை ஆசாரி பென்சிலில் போட்டால் வரும் உயிர் இதில் வராது, நானும் முயல்வதை விட்டுவிட்டேன். கடைசல் தூணுக்கு மட்டும் பிரமாதம்: பாதி விளிம்பை வரைந்து அச்சில் சுற்றிவிட்டால் தூண் நிற்கும்.

அளவு முறையை அடி-அங்குலத்துக்கு மாற்றி, குறைந்தபட்சப் பின்னம் எட்டில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் வரும் ஒவ்வொரு அளவும் நூலாகவே வாசிக்கலாம். மில்லிமீட்டரில் தாள் கொடுத்துவிட்டுப் பட்டறையில் நின்று வாயால் மாற்றிச் சொன்ன காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஃப்ரீகேடில் மாடலிலிருந்து தாள் எடுக்கும் டெக்ட்ரா (TechDraw) பகுதியில் ஒன்றுக்கு ஒன்று அளவில் தாள் எடுக்கலாம், மாடலை மாற்றினால் தாளும் மாறும். போன மாதம் கானாடுகாத்தான் வேலை ஒன்றுக்குப் போதிகையின் பக்க விளிம்பை முழு அளவில் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். ஆசாரி அதை மரத்தில் ஒட்டி, பழைய போதிகையின் பக்கத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். வளைவு ஒரு இடத்தில் அரை நூல் தள்ளி இருந்தது. வீட்டுக்கு வந்து ஒரு எண்ணை மாற்றி, மறுநாள் காலையில் வேறு தாள் கொண்டுபோய்க் கொடுத்தேன்.