சின்னதும் பெரியதும்: பியர்சனா, கெண்டாலா?

சாட்ஸ்வொர்த்தில் என்னிடம் டியூஷனுக்கு வரும் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் முழிக்கிறார்கள். ஐந்து நாள் டாக்ஸிக்குக் காத்திருந்த நிமிடங்களை எடுங்கள், ஒன்றையொன்று சாராதவை, எல்லாம் ஒரே தொடர் பரவல் (எந்த இரண்டும் சரிசமமாக வராது). வரிசைப்படுத்தியதும் கதை மாறிவிடும்: மிகச் சின்னதே இருபது நிமிடம் என்றால் பெரியது அதற்குக் கீழே போக முடியாதே! சின்னதுக்கும் பெரியதுக்கும் உள்ள அந்தச் சார்பை எதால் அளப்பது? கையில் இரண்டு ஒட்டுறவு அளவுகள்: மதிப்புகளின் அளவைப் பார்க்கும் பியர்சன், வரிசையை மட்டும் பார்க்கும் கெண்டால்.

உழைப்பு
பியர்சன்: கால்குலேட்டரிலேயே வந்துவிடும்.
கெண்டால்: ஜோடி ஜோடியாக ஒப்பிடணும், இப்படி 1000 தடவை ஐந்து நாள் எடுத்து, தடவைக்கு ஒரு (சின்னது, பெரியது) புள்ளி என்றால், 1000 புள்ளிக்கு 499,500 ஜோடி. கணினி இருந்தால் சரி.

பரவல் மாறினால்
பியர்சன்: ஐந்து மதிப்புகளுக்குச் சீரான பரவலில் (ஒரு எல்லைக்குள் எல்லா மதிப்புக்கும் சம வாய்ப்பு) 0.2, அடுக்குக்குறிப் பரவலில் (சின்ன மதிப்புக்கு வாய்ப்பு அதிகம், போகப்போகக் குறையும்) சுமார் 0.165.
கெண்டால்: இரண்டிலும் 1/9. எந்தத் தொடர் பரவலானாலும் அதே 1/9தான், ஏனென்றால் அது அளவைப் பார்ப்பதில்லை, யார் முந்தி யார் பிந்தி என்பதை மட்டும் பார்க்கிறது (மதிப்புகளின் எண்ணிக்கையான ஐந்தை இரட்டித்து ஒன்றைக் கழித்தால் கீழ் எண் ஒன்பது கிடைக்கும், எனக்கு இன்னும் இது ஆச்சரியம்தான்).

முரட்டு வால்
பியர்சன்: மிகப் பெரிய மதிப்புகள் அடிக்கடி வரும் கோஷி பரவலில் பரவற்படியே (சிதறலின் அளவு) கிடையாது, அதனால் பியர்சன் அளவும் கிடையாது.
கெண்டால்: அசையாது.

அப்புறம் பியர்சனை ஏன் வைத்திருக்கிறோம்? வீச்சின், அதாவது பெரியது கழித்தல் சின்னதின், பரவற்படி வேண்டுமென்றால் பியர்சனுக்கு அடிப்படையான உடன்மாறுபாடு (இரண்டும் சேர்ந்து மாறும் அளவு) இல்லாமல் நகர முடியாது. சார்பு எவ்வளவு என்பது மட்டும் கேள்வியானால் நான் கெண்டாலைத்தான் எடுப்பேன்.