மார்கழிப் பனிக்கு மஞ்சள் விளக்கா, வெள்ளை விளக்கா?

மார்கழி விடியலில் கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்கு வண்டி ஓட்டுவோரிடம் கேட்டால், சம்பா வயல்களின் மேல் கவிந்து சாலையையும் மூடும் பனிக்கு மஞ்சள் விளக்கே ஏற்றது என்று பலர் உறுதியாகச் சொல்வார்கள். முன்விளக்கில் மஞ்சள் தாளை ஒட்டிக்கொள்பவர்களும் உண்டு.

மஞ்சளுக்கான வாதம், ஒளி மிகச் சிறிய துகள்களில் பட்டுப் பல திசைகளில் சிதறுவதைச் சொல்லும் ராலே சிதறல் விதியைச் சார்ந்தது: குறைவாகச் சிதறும் நிறம் பனியை ஊடுருவும் என்பதே அது. ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள்களில், சிதறலின் அளவு அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழ் விகிதத்தில் அமையும். ஆகவே 450 நானோமீட்டர் நீல ஒளி, 580 நானோமீட்டர் மஞ்சளைவிட ஏறக்குறைய 2.8 மடங்கு கூடுதலாகச் சிதறும். வானம் நீலமாகத் தெரிவதும் இதனால்தான். விதியில் பிழையில்லை, அதைப் பனிக்குப் பொருத்துவதுதான் பிழை.

பனித்துளியின் விட்டம் பெரும்பாலும் சில மைக்ரோமீட்டர் முதல் சில பத்து மைக்ரோமீட்டர் வரை இருக்க, ஒளியின் அலைநீளமோ அரை மைக்ரோமீட்டர் அளவுதான். இத்தகைய துளிகளுக்கு, ஜெர்மன் இயற்பியலாளர் குஸ்தாவ் மீ 1908இல் வெளியிட்ட கணக்கீடே பொருந்தும். அதன்படி எல்லா நிறங்களும் ஏறத்தாழ ஒரே அளவில் சிதறுகின்றன. வித்தியாசத்தை வீட்டிலேயே பார்க்கலாம்: ஊதுபத்தியின் முனையிலிருந்து எழும் மெல்லிய புகை இருண்ட பின்னணியில் நீலம் பாய்ந்திருக்கும், இட்லிப் பானையின் ஆவியோ வெள்ளையாகவே இருக்கும். மார்கழிப் பனி இரண்டாவது வகை.

திருவானைக்காவலில் பிறந்த சி.வி.ராமன் 1928இல் கண்டறிந்த சிதறல் ஒளியின் நிறத்தையே மாற்றுவது என்றாலும், சிதறும் ஒளியில் ஏறக்குறைய கோடியில் ஒரு பங்கே அவ்வாறு மாறுவதால், நமது சாலைக் கணக்கில் அது சேராது.

எனவே நிறத்தைவிட, விளக்கின் உயரமும் ஒளி பாயும் கோணமுமே முக்கியம் என்பது என் கருத்து. துளிகள் பெரும்பங்கு ஒளியை முன்னோக்கியே சிதறடித்தாலும், பின்னோக்கித் திரும்பும் சிறு பங்கு ஓட்டுநரின் கண்ணுக்கு வெள்ளைத் திரையாகிவிடுகிறது. ஹை பீம் போட்டால், அவர் பார்வை செல்லும் பாதையிலுள்ள துளிகளே ஒளிர்ந்து திரை தடிக்கும். பம்பருக்குக் கீழே பொருத்தி, தரையை ஒட்டி அகலமாகப் பாயும்படி அமைத்த விளக்கில், வெளிச்சம் பார்வைக் கோட்டுக்குக் கீழேயே நின்றுவிடும். மஞ்சள் ஒளி சிலர் கண்ணுக்கு உறுத்தல் குறைவாக இருக்கலாம். ஆனால் ஒட்டிய தாள் இருக்கும் வெளிச்சத்திலும் ஒரு பகுதியை விழுங்கிவிடுகிறது.

பனியில்லாமல் போகிப் புகை மட்டும் மெல்லியதாகப் படர்ந்திருக்கும் தெருவில் மஞ்சளுக்கு ஓரளவு நியாயம் உண்டு. அந்தத் துகள்கள் பனித்துளிகளைவிடப் பல மடங்கு சிறியவை.