பில்லில் கம்பெனி போல்ட், எஞ்சினில் ஹார்டுவேர் கடைப் போல்ட்: காரைக்குடிப் பக்கம் எஞ்சின் இறக்குபவர்கள் கவனத்துக்கு

பள்ளத்தூர் ஆச்சி ஒருவரின் மாருதி பெட்ரோல் கார் அது. புகை தள்ளியதால் காரைக்குடியில் ஒரு பட்டறையில் எஞ்சினை இறக்கி, ரீபோர் போட்டு (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து), ரிங்கும் பேரிங்கும் மாற்றி ஏற்றியிருந்தார்கள். பில்லில் “ஹெட் போல்ட், பிளைவீல் போல்ட், இதர போல்ட் செட் 4,600” என்று ஒரு வரி. “எல்லாம் கம்பெனி போல்ட்டுதான் ஆச்சி, கவலையே படாதீக” என்று வாய்ச்சொல்லும் கொடுத்தார்கள். 700 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. கிளட்ச்சை விடும்போது வண்டி உதறியது, உள்ளே எதுவோ உரசிக் கடகடத்தது, வாரத்துக்கு அரை லிட்டர் கூலண்ட் காணாமல் போனது. வேறொரு பட்டறையில் பிரித்தபோது தெரிய வந்தவை கீழே. முதல் பட்டறையின் பெயர் வேண்டாம். இந்த வேலையைச் செய்வது அவர்கள் மட்டுமில்லை.

முதலில் காட்டிக் கொடுத்தது ஸ்பேனர். ஜப்பான் வழி வந்த எஞ்சின்களில் 8 எம்.எம். போல்ட்டின் தலைக்கு 12 ஸ்பேனர், 10 எம்.எம். போல்ட்டுக்கு 14 ஸ்பேனர். ஹார்டுவேர் கடைப் போல்ட்டில் அதே கனத்துக்கு, அதாவது தண்டின் விட்டத்துக்கு, 13-ம் 17-ம் வரும். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்க்கும் போல்ட்டுகளில் மூன்றுக்கு 17 ஸ்பேனர் தேவைப்பட்டது. அங்கேயே பாதிக் கதை தெரிந்துவிட்டது. உங்கள் வண்டி எஞ்சின் வேலை முடிந்து வரும்போது பானட்டைத் திறந்து போல்ட் தலைகளை மட்டும் பாருங்கள். ஒரே வரிசையில் ஒன்று மட்டும் பெரிய தலையாக இருந்தால், அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். ஐரோப்பிய வழி எஞ்சின்களில் 13 தலை இயல்பு, அங்கே இந்தக் கணக்கு செல்லாது.

தலை வேறாக இருந்தால்கூடப் போகட்டும், மரைதான் ஆளைக் கொல்லும். இந்த வகை எஞ்சின்களில் 10 எம்.எம். போல்ட்டின் மரை இடைவெளி, அதாவது ஒரு மரைக்கும் அடுத்ததுக்கும் உள்ள தூரம், பெரும்பாலும் 1.25 எம்.எம். கடையில் “10 எம்.எம். போல்ட்” என்று கேட்டால் எடுத்துத் தருவது 1.5. கையால் திருகினால் ஒன்றிரண்டு சுற்று ஏறிச் சிக்கும். அங்கே நிறுத்தாமல் நீளக் கைப்பிடி போட்டு முறுக்கினால் ஏறத்தான் செய்யும், அலுமினிய மரையைச் சிரைத்துக்கொண்டு. ஆச்சி வண்டியில் கழற்றிய போல்ட்டின் பள்ளங்களில் அலுமினியம் மெல்லிய சுருளாக, தேங்காய்த் துருவல் போல ஒட்டிக்கொண்டிருந்தது. மரை இடைவெளியை அளக்கும் பிட்ச் கேஜ் இல்லாவிட்டாலும் சோதிக்கலாம். பழைய போல்ட்டையும் புதியதையும் மரையோடு மரை பொருத்தி வெளிச்சத்தில் பிடியுங்கள். இடையில் ஒளி தெரிந்தால் இரண்டும் வேறு. இல்லை, பத்து மரையை ஸ்கேலில் அளந்து பாருங்கள்: 12.5 எம்.எம். வந்தால் 1.25, 15 வந்தால் 1.5.

மெக்கானிக் “பதினாலாம் நம்பர் போல்ட்” என்பது ஸ்பேனர் நம்பரை. கடைக்காரர் காதில் அது போல்ட்டின் கனம். பையனை வெறுங்கையோடு கடைக்கு அனுப்பினால் என்ன வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வளவில், அதாவது வீட்டு முற்றத்தில், நிற்கும் பழைய அம்பாசடர்களில் குழப்பம் இன்னொரு வகை. 1489 சி.சி. எஞ்சினில் இருப்பது இஞ்ச் மரை. மூணு நூல் போல்ட், அதாவது 3/8 இஞ்ச், 9.5 எம்.எம். கனம், இஞ்சுக்கு 24 மரை. அந்த இடத்தில் 10 எம்.எம். போல்ட்டை ஏற்றினால் வார்ப்பிரும்பு மரை போகும். இரண்டரை நூல் (5/16 இஞ்ச்) போல்ட்டுக்கு அரை இஞ்ச் ஸ்பேனர் வேண்டும். 13 போட்டால் லேசாக ஆடும், நாலு முறை கழற்றியதும் தலை உருண்டுவிடும். பின்னாளில் வந்த 1.8 இசுசு எஞ்சின் மெட்ரிக். ஆக, “அம்பாசடர் போல்ட்” என்று மொட்டையாகக் கேட்காதீர்கள்.

உதறலுக்குக் காரணம் இரண்டு டவல் புஷ். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே உட்காரும் குழல் துண்டுகள் அவை. போல்ட் இறுக்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். மையம் பிடிப்பது டவல். போல்ட் துளையில் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள், அந்த அளவுக்கு கியர்பாக்ஸ் நகர்ந்து உட்காரும். கிளட்ச் ஷாஃப்ட் கோணலாகும். இறக்கும்போது விழுந்த டவலைத் தேட யாரும் குனியவில்லை. விலை என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை.

கடகடப்பு பிளைவீலில், அதாவது கிளட்ச் பிளேட் ஒட்டி நிற்கும் எஞ்சின் சக்கரத்தில். இரண்டு போல்ட்டுகளுக்குப் பதில் ஆலன் போல்ட் (உருண்டைத் தலையில் அறுகோணக் குழி உள்ளது), தலையில் 12.9 என்ற எண், மேலே பளபளவென்று ஜிங்க் பூச்சு. எண்ணைக் காட்டி “இதுதான் சார் உச்ச கிரேடு” என்பார்கள். எண் உண்மையாகவே இருக்கட்டும். 10 எம்.எம். ஆலன் தலையின் உயரம் 10 எம்.எம்., அறுகோணத் தலைக்கு 6.4. அந்தக் கூடுதல் உயரம் கிளட்ச் பிளேட்டில் உரசி, வட்டமாக ஒரு வெள்ளிக் கோடு போட்டிருந்தது. பூச்சு அதைவிடக் கெட்டது. இவ்வளவு கடினமான எஃகை மின்முலாம் போடும்போது ஹைட்ரஜன் உள்ளே புகும். முறையாகச் சூடாக்கி அதை வெளியேற்றாவிட்டால், இறுக்கிய அன்று ஒன்றும் தெரியாது. பல மணி நேரமோ சில நாளோ கழித்துத் தலை தானாகத் தெறிக்கும். மின்வேதியியலுக்கென்றே மத்திய ஆய்வகம் இருக்கும் ஊரில் இந்தப் பளபளப்புக்கு மயங்குவது கொஞ்சம் வெட்கம்தான்.

எண்ணைப் படிக்கத் தெரிந்தால் போதும். 8.8 என்றால் இழுவலிமை 800 மெகாபாஸ்கல், அதில் பத்துக்கு எட்டுப் பங்கு, அதாவது 640 வரை இழுத்தாலும் பழைய நீளத்துக்குத் திரும்பும். 10.9-க்கு 1000-ம் 900-ம். எண்ணோடு தயாரிப்பாளர் முத்திரையும் தலையில் இருக்க வேண்டும். எண்ணே இல்லாத அறுகோண போல்ட்டை கேட் கொண்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இஞ்ச் போல்ட்டில் எண்ணுக்குப் பதில் கோடு: மூன்று என்றால் கிரேடு 5, ஆறு என்றால் கிரேடு 8. ஸ்டெயின்லெஸ் ஏ2-70 துருப்பிடிக்காது, உண்மை. ஆனால் 450 மெகாபாஸ்கலிலேயே நிரந்தரமாக நீளத் தொடங்கும், 8.8-ஐவிடப் பலவீனம். எஞ்சின் மவுண்டில் அதற்கு வேலையில்லை.

இனி எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைப் பிளாக்கோடு பிடிக்கும் ஹெட் போல்ட், கூலண்டும் பணமும் போன இடம். பத்தும் பழையவை. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். வாஷருக்கு அடியில் நகத்தால் சுரண்டினால் செதிலாக வந்தது. கண்ணாடித் துண்டின் மேல் தலைகீழாக வரிசையாக நிறுத்தியதும் இரண்டு மட்டும் ஒன்றரை எம்.எம். உயர்ந்து நின்றன. முறுக்கும்போது போல்ட் நீள்கிறது. திரும்பச் சுருங்க முயலும் அந்த இழுப்புதான் ஹெட்டை அழுத்திப் பிடிக்கிறது. நிரந்தரமாக நீண்டுவிட்டதற்கு அந்த இழுப்பு குறைவு. கையேட்டில் “இத்தனை நியூட்டன் மீட்டர், பிறகு இத்தனை டிகிரி” என்று இருந்தால் பெரும்பாலும் அது எல்லைவரை நீட்டப்படும் போல்ட், ஒருமுறைதான். சில கம்பெனிகள் தண்டின் இரண்டு இடத்தில் விட்டம் அளந்து, வித்தியாசம் 0.1 எம்.எம். தாண்டினால் மாற்றச் சொல்கின்றன. எதுவானாலும் கையேடு சொல்வதே கணக்கு.

போதாததற்கு இரண்டு துளைகளின் அடியில் பழைய கூலண்ட்டும் சேறும். அடி மூடிய துளையில் திரவம் இருந்தால் போல்ட் அதன்மேல் முட்டும். முறுக்கை அளக்கும் டார்க் ரெஞ்ச் “டக்” என்று சொல்லும், ஹெட் இறுகியிருக்காது. மோசமாகப் போனால் பிளாக்கே விரியும். மரையைச் சுத்தம் செய்து காற்றடித்து, உலர்ந்ததைப் பார்த்தபின்தான் போல்ட். எண்ணெய் தடவலாமா என்பதையும் கையேட்டில் பாருங்கள். உலர் மரைக்குச் சொன்ன அளவை எண்ணெய் மரையில் கொடுத்தால் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும்.

பிஸ்டன் தண்டைக் கிராங்கோடு பிடிக்கும் ராட் போல்ட் மட்டும் ஒழுங்காக இருந்தது. அது அறுந்திருந்தால் தண்டு பிளாக்கை உடைத்து ஜன்னல் வைத்திருக்கும்.

எஞ்சின் கொடுப்பதற்கு முன் மூன்று பேச்சைப் பேசிவிடுங்கள். ஹெட், ராட், பிளைவீல் போல்ட்டுகளின் பார்ட் நம்பர் போட்ட பாக்கெட்டைப் பிரிக்கும் முன் காட்ட வேண்டும். கழற்றிய பழைய போல்ட் அத்தனையும் பையில் திரும்பி வர வேண்டும், எண்ணிப் பாருங்கள். கழற்றும்போதே ஓர் அட்டையில் கியர்பாக்ஸ் வடிவத்தை வரைந்து, போல்ட் எந்தத் துளையில் இருந்ததோ அங்கேயே குத்தி வைக்கச் சொல்லுங்கள். நீளங்கள் வேறு வேறு: நீளமானது குட்டைத் துளையில் போனால் அடியை உடைக்கும், குட்டையானது அலுமினியத்தில் நாலு மரையைப் பிடித்துக்கொண்டு வந்துவிடும். அலுமினியத்தில் போல்ட் கனத்தைப்போல் இரண்டு மடங்கு ஆழம் ஏறினால் நல்லது. ஆச்சி வண்டியில் ஒரு போல்ட்டுக்கு மூன்று வாஷர் அடுக்கியிருந்தார்கள், இன்னொன்றை ஆக்ஸா பிளேடால் வெட்டியிருந்தார்கள்.

கியர்பாக்ஸ் போல்ட்டின் மூன்று துளைகளுக்கும் 1.25 மரையில் ஹெலிகாயில் (சிதைந்த மரைக்குப் பதில் வைக்கும் கம்பிச்சுருள் மரை) போட்டாயிற்று. ஹெட்டைச் சமன் பார்த்து, புது கேஸ்கட், புது போல்ட் பத்து, டவல் இரண்டு, கிளட்ச் பிளேட். பழைய போல்ட்டுகளைப் பையோடு கொண்டுபோய் முதல் பட்டறை மேசையில் கொட்டியபோது வந்த பதில்: “வண்டி ஓடுச்சுல்ல ஆச்சி?” பில்லில் எழுதிய 4,600 திரும்பக் கிடைத்தது. இரண்டாம் வேலையின் கூலி ஆச்சி தலையில்.