ஃபோல்டுஸ்கோப் காகித நுண்ணோக்கி: ஒரு மதிப்புரை

ஃபோல்டுஸ்கோப் வாங்க நினைப்பவர்கள், செய்திகளில் அடிபட்ட எண்ணும் கைக்கு வரும் கருவியின் எண்ணும் ஒன்றல்ல என்பதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மனு பிரகாஷும் ஜிம் சைபுல்ஸ்கியும் அடங்கிய குழு 2014இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, பொருத்தும் வில்லையைப் பொறுத்து 2,000 மடங்குக்கு மேலும் பெரிதாக்கலாம் என்றும், பாகங்களுக்கு ஒரு டாலருக்கும் குறைவாகவே செலவாகும் என்றும் சொன்னது. விற்பனைக்கு வந்த கருவியோ 140 மடங்கு பெரிதாக்குவது. ஏறத்தாழ 2 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள நுணுக்கங்களைப் பிரித்துக் காட்டுவது. விலையும் ஒரு டாலர் அல்ல. இதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். 2,000 மடங்குக்கு ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கே உள்ள வில்லை வேண்டும்; அதன் வழியாகப் பார்ப்பது பழகிய கண்ணுக்கே கடினம். ஆனால் பெரிய எண்ணை நம்பி வாங்குபவர் ஏமாற்றமடைவார் என்பது உறுதி.

நீர் ஊறாத, எளிதில் கிழியாத செயற்கைக் காகிதத்தை மடித்துச் செருகித்தான் கருவியை உருவாக்க வேண்டும். நடுவில் இருப்பது சிறு கண்ணாடிக் கோளம் ஒன்றே. கட்டைவிரல்களால் காகிதத்தை நகர்த்தி இடம் மாற்றவும், குவியத்தைச் சரிசெய்யவும் பழகச் சிறிது பொறுமை வேண்டும். ஒற்றை வில்லை என்பதால், பள்ளி ஆய்வகத்தில் உள்ள, பல வில்லைகள் கொண்ட கூட்டு நுண்ணோக்கியைப் போல் பிம்பம் தலைகீழாகத் தெரிவதில்லை. குறைகளும் அந்த ஒற்றை வில்லையிலிருந்தே வருகின்றன: பார்வைப் பரப்பு சிறியது, அதன் ஓரங்கள் மங்கலானவை, கண்ணைக் கருவியோடு ஒட்டினாற்போல் வைத்தால்தான் முழு வட்டமும் தெரியும். மூக்குக்கண்ணாடி அணிந்தவர்களுக்கு இது தொல்லைதான். காந்தத்தின் உதவியால் கைப்பேசிக் கேமராவோடு பொருத்திக்கொண்டால் அந்தத் தொல்லை பெருமளவு தீர்ந்துவிடும். வெளிச்சத்துக்குச் சன்னல் போதும். சூரியனை நோக்கி மட்டும் ஒருபோதும் பிடிக்கக் கூடாது.

இவ்வளவு எளிய கருவி காட்டுவதை அப்படியே நம்பிவிட முடியாது என்பதையே நான் இதன் சிறப்பாகக் கருதுகிறேன். குளத்து நீரில் ஒரு துளியை வைத்துப் பார்ப்பவர் கண்ணுக்குப் புள்ளிகளும் இழைகளும் வட்டங்களும் கலந்து தெரியும். அவற்றுள் எது நீரில் உள்ளது, எது வில்லையில் ஒட்டிய தூசி, எது பார்ப்பவரின் கண்ணுக்குள்ளேயே மிதக்கும் நிழல்? விடை காண, துளியை வைத்த தகடான ஸ்லைடைச் சற்றே நகர்த்தினால் போதும். ஸ்லைடோடு நகர்வது மாதிரியைச் சேர்ந்தது. பார்வையைத் திருப்பும்போது கூடவே மிதந்து வருவது கண்ணைச் சேர்ந்தது. இரண்டுக்கும் அசையாமல் நிற்பது பெரும்பாலும் வில்லையின் தூசி. கனத்த கருவிளிம்பும் ஒளிரும் நடுப்பகுதியும் கொண்ட சீரான வட்டத்தை உயிரணு என்று கொண்டாடுவதற்கு முன், அது காற்றுக் குமிழியா என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் குமிழியாகத்தான் இருக்கும். அசைவதெல்லாம் உயிரினம் என்பதும் கிடையாது. துகள்கள் எல்லாம் ஒரே பக்கமாகப் போனால் துளியை மூடும் மெல்லிய தகடான கவர்ஸ்லிப்புக்கு அடியில் நீர் ஓடுகிறது என்றே பொருள். அந்த ஓட்டத்தை எதிர்த்து ஒன்று திரும்பி வந்தால்தான் நிமிர்ந்து உட்கார வேண்டும்.

இந்தச் சந்தேகங்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் லேவன்ஹுக் தம் கையால் செய்த ஒற்றை வில்லைக் கருவியால் நீரில் நுண்ணுயிர்களைக் கண்டு 1676இல் லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டிக்கு எழுதியபோது, அக்கழகத்தார் அதை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. 1677இல் அக்கழகத்தைச் சேர்ந்த அறிவியலாளர் ராபர்ட் ஹூக் தாமே முயன்று பார்த்துக் காட்டிய பிறகுதான் நம்பிக்கை பிறந்தது. 1827இல் தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் செய்தது இதைவிடவும் எனக்குப் பிடித்தது. நீரில் மிதந்த மகரந்தத் துகள்களுக்குள் இருந்த நுண்துகள்கள் ஓயாமல் துள்ளுவதைக் கண்ட அவர், அது உயிரின் அடையாளமோ என்ற எண்ணத்தோடு நின்றுவிடாமல், உயிருக்கு வாய்ப்பே இல்லாத கண்ணாடியையும் கல்லையும் பொடித்துப் போட்டுப் பார்த்தார். அவையும் துள்ளின. அந்த அசைவுக்கு அவர் பெயரே நிலைத்தது. அவர் பயன்படுத்தியதும் ஒற்றை வில்லைதான், ஆனால் நம் கையில் இருப்பதைவிட ஆற்றல் மிக்கது.

வீட்டுப் பொருள்களில் இந்தக் கருவி நன்றாக உதவுவது நூலிழைகளுக்கு. பருத்தி இழை முறுக்கிய தட்டையான நாடாவாகவும், கம்பளி இழை மேலே செதில்கள் அடுக்கியதாகவும் தெரியும். ஆனால் பட்டு நூலையும் பாலியஸ்டர் நூலையும் அருகருகே வைத்தால் இரண்டும் வழவழப்பான நீண்ட இழைகளாகவே தோன்றி, பார்வையை மட்டும் நம்புபவரைத் திணறடிக்கும். ஓர் இழையைக் கொளுத்தி, பட்டைப் போல் முடி கருகும் வாடையோடு நொறுங்கும் சாம்பல் வருகிறதா, பாலியஸ்டரைப் போல் உருகிக் கெட்டியான மணியாகிறதா என்று பார்ப்பதே அங்கு வழி. புடவைக் கடைக்காரர்கள் இதை நுண்ணோக்கி இல்லாமலே அறிவார்கள்.

மஞ்சள் தூளில் இன்னும் கவனம் வேண்டும். அயோடின் துளியிட்டுக் கருநீல நிறத்தைக் கண்டவுடன் மாவு கலந்திருக்கிறது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகக் கூடாது, ஏனென்றால் மஞ்சள் கிழங்கிலேயே மாவுச்சத்து இருக்கிறது. கிழங்கை வேகவைத்து உலர்த்துவதால் அந்த மாவுச்சத்து பெரும்பாலும் குழைந்து கட்டிகளாகிவிடும். வேகாத அரிசி மாவிலோ சில மைக்ரான் அளவுள்ள கோணலான மணிகள் தனித்தனியே இருக்கும். உருளைக்கிழங்கு மாவின் மணிகள் அவற்றைவிடப் பல மடங்கு பெரியவை. அப்போதும், நாமே இடித்த மஞ்சளை வேறொரு ஸ்லைடில் வைத்து ஒப்பிடாமல் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. நுண்ணோக்கி எழுப்பும் ஐயத்தை உணவுப் பரிசோதனைக் கூடம்தான் தீர்க்க முடியும்.

நோய் கண்டறியவும் குடிநீர் பாதுகாப்பானதா என்று சொல்லவும் இந்த 140 மடங்குக் கருவி உதவாது. பாக்டீரியாக்களில் பல இதன் எல்லைக்கும் கீழ்ப்பட்டவை. ஆகவே துளி தெளிவாகத் தெரிந்தது என்பதற்காக அந்த நீரைக் குடிக்கக் கூடாது. தயிரில் உள்ள லாக்டோபேசில்லஸ் என்ற பாக்டீரியாவைப் பார்க்க விரும்புபவர்களுக்கும் பெரும்பாலும் கொழுப்புத் துளிகளும் புரதத் திரள்களுமே கிடைக்கும். வெங்காயத் தோலின் உயிரணுக்கள், குளத்து நீரின் ஓரணு உயிரியான பாரமீசியம், பூச்சியின் சிறகு, பூஞ்சையின் வித்துகள் ஆகியவற்றுக்கு இது தாராளமாகப் போதும்.

பூவையும் எறும்பையும் மட்டும் பார்க்க விரும்புபவர்களுக்குப் பத்து மடங்கு கைலென்ஸ் இதைவிட வசதியானது. கல்லூரியில் முறையாகப் படிப்பவர்கள் காசு சேர்த்துக் கூட்டு நுண்ணோக்கியே வாங்கலாம். ஒரே ஒரு நுண்ணோக்கியின் முன் வகுப்பு முழுவதும் வரிசையில் நிற்கும் பள்ளிகளுக்கும், பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார நேரமுள்ள பெற்றோருக்கும் ஃபோல்டுஸ்கோப்பைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வாங்கும்போது வெற்று ஸ்லைடுகளும் கவர்ஸ்லிப்புகளும் கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு கோடிடாத நோட்டும் இருக்கட்டும். கைப்பேசியில் படமெடுப்பதற்கு முன் பார்த்ததைப் பென்சிலால் வரையச் சொன்னால், குமிழியைக் குமிழி என்று பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.