வைரம்: கடையிலா, இணையத்திலா?

ஒற்றைக்கல் மோதிரம் வாங்குபவர் தயங்காமல் இணையத்தில் வாங்கலாம். ஏழுகல் தோடு வாங்குபவர் கடைப்படி ஏறுவதே மேல். இரண்டும் வைரம்தான் என்றாலும் சரிபார்க்கும் வழி வேறு.

ஜிஐஏ போன்ற, வைரத்தின் தரத்தைச் சோதிக்கும் ஆய்வகத்தின் அறிக்கையோடு வரும் ஒற்றைக்கல்லுக்கு அதற்கே உரிய எண் உண்டு. விற்பவர் அனுப்பும் படத்தை நம்ப வேண்டியதில்லை. அந்த எண்ணை ஆய்வகத்தின் தளத்தில் நீங்களே தட்டிப் பார்க்கலாம். பல கற்களின் விளிம்பில் அதே எண் லேசரால் பொறிக்கப்பட்டிருக்கும். கல் கைக்கு வந்ததும் நகைக்கடை லென்ஸில் பார்த்து ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

நிறத்தையும் தெளிவையும் படித்ததோடு அறிக்கையை மூடிவிடாதீர்கள். மில்லிமீட்டர் அளவையும் பாருங்கள். நன்றாகப் பட்டை தீட்டிய ஒரு கேரட் வட்டக்கல் குறுக்கே ஏறத்தாழ 6.4 அல்லது 6.5 மி.மீ. இருக்கும். அதே எடையில் 6.1 மி.மீ. மட்டுமே இருந்தால், மிச்ச எடை கல்லின் அடிப்பகுதியில் கிடக்கிறது என்று பொருள். ஒரு கேரட்டுக்குப் பணம் கொடுத்தும் விரலில் தெரிவது சுமார் 85 சென்ட் (நூறு சென்ட் ஒரு கேரட்) கல்லின் அகலம்தான். இணையத்தில் பத்துக் கற்களின் அளவுகளை வரிசையாக வைத்து ஒப்பிட முடிகிறது. கடையிலோ ‘ப்ளூ ஜாகர்’, ‘பெல்ஜியம் கட்டிங்’ என்று சொல்லி விற்பார்கள். இவை ஆய்வக அறிக்கையில் இடம்பெறும் தரநிலைகளே அல்ல.

தோட்டில் கதை மாறுகிறது. இரண்டு காதுக்கும் சேர்த்துப் பதினான்கு கற்கள். பெரும்பாலும் மொத்தத்துக்கும் ஒரே சான்றிதழ்தான். தெளிவும் ‘விவிஎஸ்–விஎஸ்’ என்று இரண்டு தரநிலைகளைச் சேர்த்துப் பொத்தாம்பொதுவாகப் போட்டிருக்கும். கட்டிய பிறகு கல்லைத் தராசில் வைக்க முடியாது. எடையை அளவிலிருந்து கணக்கிடத்தான் முடியும். பின்புறம் மூடிய கட்டென்றால் அடிப்பகுதியே கண்ணுக்குத் தெரியாது. நல்ல கடையில், கட்டுவதற்கு முன்பே பதினான்கு கற்களையும் வெள்ளைத் தாளில் பரப்பி, பகல் வெளிச்சத்தில் நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, கண்ணெதிரே எடை போட்டு வாங்கலாம். தோஷம் பார்க்கும் குடும்பங்களுக்குச் சில நாள் வீட்டில் வைத்துப் பார்க்கக் கற்களைக் கொடுத்தனுப்பும் கடைகளும் உண்டு. இந்த வசதிகளுக்கு ஈடாக இணையத்தில் எதுவும் இல்லை.

எங்கே வாங்கினாலும், ஹால்மார்க் முத்திரையில் எண்ணும் எழுத்தும் கலந்து வரும் ஆறு இலக்க அடையாளக் குறியீடான எச்யுஐடி, தங்கத்தின் தூய்மைக்கு மட்டுமே சான்று. வைரத்துக்கு அது எந்த உறுதியும் தராது. இதில் ஏமாறுபவர்கள் ஏராளம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

விலை மிகவும் குறைவாக இருந்தால் ஆய்வகத்தில் வளர்த்த கல்லா என்று கேளுங்கள். வெறும் கண்ணால் வித்தியாசம் தெரியாது. அறிக்கையில் சிவிடி அல்லது எச்பிஎச்டி என்று, கல்லை வளர்த்த முறையின் பெயர் இருக்கும். அணிந்து மகிழ அதுவும் நல்ல கல்தான். ஆனால் அதன் சந்தை விலை சில ஆண்டுகளாகச் சரிந்துகொண்டே வந்திருக்கிறது. திரும்ப விற்றுப் பணமாக்கலாம் என்று வாங்காதீர்கள்.

வாங்கியதில் குறை இருந்தால், இணையத்தில் வாங்கியவருக்குச் சட்டத்தின் துணை உண்டு. இந்தியாவின் 2020 நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி தளத்தில் குறைதீர் அலுவலரின் பெயர் இருக்க வேண்டும். புகார் வந்து சேர்ந்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். பொட்டலத்தைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்து வையுங்கள். கடையிலோ திரும்பக் கொடுத்தால் எத்தனை சதவீதம் கழிப்பார்கள் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். கல்லின் எடை, தங்கத்தின் எடை, செய்கூலி மூன்றையும் தனித்தனியாகப் போடாத பில்லுக்குப் பணம் கட்ட வேண்டாம்.