பேஜ்மேக்கரா, ஸ்க்ரைபஸா? ஒரு தங்கச்சிமடம் டிடிபி கடையின் கணக்கு

பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கர் 7 வெளிவந்தது 2001-இல். அதுவே அதன் கடைசிப் பதிப்பு. ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்தில் எங்கள் டிடிபி கடையில் கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அதிலேதான் ஓடிக்கொண்டிருந்தன. "ஓடுற வண்டியை எதுக்கு நிறுத்தணும்?" என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தபோதுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு பக்கம் பழைய கணினி, பேஜ்மேக்கர், பாமினி. இன்னொரு பக்கம் விண்டோஸ் 11, பேஜ்மேக்கர் வேலையையே செய்யும் இலவச மென்பொருள் ஸ்க்ரைபஸ், போனிலும் கணினியிலும் பொதுவான யூனிகோடு தமிழ்.

வேகத்தில் பழசுதான் ஜெயிக்கும். கரண்ட் போய் வந்ததும் சட்டென்று திறந்து வேலைக்கு வந்துவிடும்; இணையம் கேட்காது, அப்டேட் என்று பாதி வேலையில் சுற்றிக்கொண்டிருக்காது.

வினை வாட்ஸ்அப் வழியாக வந்தது. இப்போது யாரும் மேட்டரைக் காகிதத்தில் எழுதிக் கொண்டுவருவதில்லை. போனிலேயே தமிழில் அடித்து அனுப்புகிறார்கள், அது யூனிகோடு. பேஜ்மேக்கரில் ஒட்டினால் வரிசையாகக் கேள்விக்குறிதான். பாமினியில் திரையில் 'அம்மா' என்று தெரிந்தாலும், கோப்புக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்ற ஆங்கில விசைகள். எழுத்துரு இல்லாத கணினியில் அம்மா காணாமல் போய்விடுவாள். எனவே வருவதை பாமினிக்கு மாற்று, அச்சடி, "வாட்ஸ்அப்ல போடணும்ணே, அதையே அனுப்புங்க" என்றால் திரும்ப யூனிகோடுக்கு மாற்று.

இந்தத் திரும்பும் வழியில்தான் பள்ளம். பாமினியில் ஔகாரக் குறியின் பின்பாதியும் 'ள' எழுத்தும் ஒரே விசை. எது எது என்று மாற்றித் தரும் மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? ஒரு சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை இப்படி மாற்றிக் கொடுத்தேன். 'கௌரி' எல்லாம் 'கெளரி' ஆகிவிட்டார்கள். தாளில் வித்தியாசமே தெரியாது. எக்செலில் தேடினால் ஒரு கௌரியும் இல்லை. அன்று வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

ஸ்க்ரைபஸைப் பல வருடங்களுக்கு முன் பார்த்து வெறுத்தவர்கள் உண்டு, நியாயம்தான். 1.4 வரிசையில் தமிழ் சேராது, 'கொ' என்று அடித்தால் கொம்பு தன் இடத்துக்கே வராது. 1.5-இல் எழுத்துக் கோக்கும் முறையையே மாற்றினார்கள். 2024-இல் வந்த 1.6-இல் அதுவே நிலையான பதிப்பாகிவிட்டது. இந்த ஒரு இடத்தில் பதிப்பு எண்ணைப் பார்த்தே ஆகவேண்டும். குறை இல்லாமல் இல்லை. மெனுக்கள் பழக நாளாகும், பத்திரிகைக்கு வேண்டிய வளைவு நெளிவு எழுத்துருக்கள் எங்கள் கையில் பாமினியில் இருந்த அளவுக்கு யூனிகோடில் இல்லை.

விண்டோஸ் 11 தனிக் கணக்கு. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் செயலி என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்து வேண்டும். எங்களிடம் இருந்தது நான்காம் தலைமுறை. பழைய லேசர் பிரின்டருக்கு 32-பிட் டிரைவர்தான் இருக்கிறது. விண்டோஸ் 11-இல் 32-பிட் பதிப்பே கிடையாது, அதனால் அந்த டிரைவர் அதில் ஓடாது. ஸ்க்ரைபஸ் இலவசம், அதைச் சுற்றியிருப்பது இலவசமில்லை. ஆனால் ஸ்க்ரைபஸ் விண்டோஸ் 10-இலும் ஓடும், லினக்ஸிலும் ஓடும். நான் ஸ்க்ரைபஸையும் விண்டோஸ் 11-ஐயும் ஒரே முடிச்சாகப் போட்டுக்கொண்டு குழம்பியதுதான் தாமதத்துக்குக் காரணம். முதல் மூன்று மாதம் பழைய கணினியிலேயே ஸ்க்ரைபஸைப் பழகினோம். அப்புறம்தான் எட்டாம் தலைமுறைக் கணினி ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன்.

பழசைத் தூக்கிப் போடவில்லை. 2022 டிசம்பரில் பாம்பன் பழைய பாலத்தில் ரயில் நின்றது, புதுப் பாலம் திறந்தது 2025 ஏப்ரல் 6-இல். நடுவில் இரண்டு வருடத்துக்கு மேல் மண்டபத்தில் இறங்கி பஸ் பிடித்தவர்கள் நாங்கள். ரோட்டுப் பாலம் மட்டும் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும்! பழைய கணினியும் இப்போது எங்களுக்கு ரோட்டுப் பாலம்தான். இணைய வயரைப் பிடுங்கிவிட்டு மூலையில் வைத்திருக்கிறேன். மறு அச்சு கேட்டு வந்தால் அதில் திறந்து பிடிஎஃப் எடுப்பது, அத்தோடு சரி. லிப்ரே ஆபிஸ் டிரா என்ற இலவச மென்பொருளும் பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும், ஆனால் எங்கள் கோப்புகளில் வரிகள் இடம் மாறின.

நான் அதிகம் பயந்தது தட்டச்சுக்காரர் அக்காவை நினைத்து. பதினைந்து வருடம் பாமினியில் ஓடிய கை. என்எச்எம் ரைட்டர் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் பாமினி விசை அமைப்பிலேயே யூனிகோடு அடிக்கலாம் என்று தெரிந்ததும் அந்தக் கவலை ஒரே நாளில் போயிற்று. பழக்கதோஷத்தில் 'கௌ'வை இன்னும் கொம்பும் ளகரமுமாக அடிக்கிறார், அவ்வளவுதான். பிரின்ட் போகும் முன் ஒவ்வொன்றாகத் தேடி மாற்றுகிறேன். மொத்தமாக மாற்றும் பட்டனை ஒருமுறை அழுத்திப் பார்த்தேன். நோட்டீஸில் இருந்த 'தெளிவு' குழம்பிப்போனது.